வலது முழங்கால்

"ஆடாதே. ஆடினா ஊசி உள்ளேயே முறிஞ்சிடும்."

டாக்சியின் பின் சீட்டில் டெல்ஃபின் மூச்சைப் பிடித்துக்கொண்டான். ஆறரை அடி உடம்பைக் கதவோரமாக மடக்கி ஒடுக்கி, வலது காலை மட்டும் மாங் பெர்டிங்கின் மடியில் நீட்டியிருந்தான். தொடைவரை சுருட்டிய பேன்ட்டுக்குக் கீழே முழங்கால் இளநீர்க்காய் போல வீங்கி உருண்டிருந்தது. பெர்டிங், டெல்ஃபின் ஆடும் பக்விஸ் பெயிண்ட் கம்பெனிக் கூடைப்பந்து டீமின் மசாஜ்காரர். மூத்தவர் என்ற மரியாதையில் எல்லோருக்கும் அவர் 'மாங்'. வருடக்கணக்காக இதே காலை உருட்டித் தேய்த்தவர். ஊசி போடுவது அவர் வேலை இல்லை. இருந்தாலும் இடம் பார்த்து இறக்கினார்.

மணிலாவின் எட்சா சாலையில் வண்டிகள் கல்லாய்ச் சமைந்து நின்றன.

"பெரியவரே, என் வண்டியில போதை கீதை எதுவும் வேணாம்" என்றான் டிரைவர், கண்ணாடியில் பார்த்து. "போலீஸ் பிடிச்சா உங்களை விட்டுட்டு என் வண்டியைத்தான் தூக்கிட்டுப் போவான்."

"மூட்டு வலிப்பா. ரோட்டைப் பாரு."

"ரோடு எங்க ஓடிப் போகுது?" டிரைவர் ரேடியோவைத் திருகினான். கூடைப்பந்துச் செய்தி. கடைசி இடத்தில் கிடக்கும் தலா சோப்பு டீம், தன் ஹீரோவையே பக்விஸுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டது. பதிலுக்கு, அடுத்த புதுமுகத் தேர்வில் பக்விஸுக்குள்ள ஆள் எடுக்கும் உரிமை. கூடவே ஒரு ஆட்டக்காரர், டெல்ஃபின் அபெலார்டே.

"டீமைக் கட்டுற லட்சணமா இது?" டிரைவர் ஸ்டியரிங்கை அடித்தான். "கிழடுகளைக் கழிச்சிட்டுப் பையன்களை எடுக்கணும். இவனுங்க என்னடான்னா டெல்ஃபினை வாங்கியிருக்கானுங்க. அவன் ஓடுறதுக்கு இந்த டிராஃபிக்கே தேவலை!"

டெல்ஃபினுக்குச் சிரிப்பு வந்தது. வலியில் பாதியிலேயே நின்றது.

"மருந்துக்கு எவ்வளவாச்சு, மாங்?"

"கணக்கா கேக்குற? என் கைக்காசு. லீவு சொல்லிட்டு வந்திருக்கேன். பேசாம இரு, இன்னும் கொஞ்ச நேரத்துல மரத்துடும்."

போன் துடித்தது. மனைவி மிலா.

"டெல்ஃபின், சொல்றதைக் கேளு. டாக்டர்கிட்ட உண்மையைச் சொல்லிடு. ராத்திரி படி ஏற முடியாம உக்காந்தே ஏறினியே, நான் பார்க்கலைன்னு நினைச்சியா?"

"சொன்னா டீம் மாத்தறதே நின்னுடும் மிலா. நொண்டின்னு பேர் வந்துட்டா எவன் கூப்பிடுவான்? ஒப்பந்தம் இந்த மாசத்தோட முடியுது."

"கால் போயிடுச்சுன்னா?"

"ஒரு மேட்ச். ஒரே ஒரு மேட்ச் தாக்குப்பிடிச்சிடறேன்."

அதுதான் அவன் போட்டிருந்த திட்டம். அவனறிய, முழங்கால் விஷயம் மிலாவையும் பெர்டிங்கையும் தவிர யாருக்கும் தெரியாது. இன்று மருத்துவப் பரிசோதனையில் தேறிவிட வேண்டும். புது டீமில் சின்னப் பையன்கள் அதிகம். சொல்லிக்கொடுக்க ஒரு மூத்தவன் வேண்டும் என்று ஒப்பந்தத்தை இன்னொரு வருடம் நீட்டுவார்கள். பிறகு புது ஜெர்சியோடு ஒரு மேட்சில் அடிபட்டதுபோல் விழ வேண்டும். விளையாட்டில் அடிபட்டவனைக் குணமாக்காமல் டீம் கைவிடக் கூடாது என்பது லீக் விதி. ஆபரேஷன் அவர்கள் செலவில் நடக்கும். அதன்பின் குறைந்தபட்சம் நேராக நடக்கவாவது முடியும்.

ஆஸ்பத்திரி வாசலில் டெல்ஃபின் இறங்கி நிமிர்ந்தபோதுதான் டிரைவர் அவன் உயரத்தைப் பார்த்தான். வாய் பிளந்தது.

"தலைவா... நீங்களா? வாய்க்கொழுப்பு தலைவா, மன்னிச்சுக்குங்க."

"நீ சொன்னதுல பாதி சரிதான்" என்று அவன் தோளைத் தட்டிவிட்டு டெல்ஃபின் நடந்தான். நொண்டாமல்.

டாக்டர் உட்காரச் சொன்னார், உட்கார்ந்தான். எழச் சொன்னார், எழுந்தான். ஒற்றைக் காலில் குதிக்கச் சொன்னபோது முதுகில் வியர்வை வழிந்தது. கால் மரக்கட்டையாகச் சொன்னபடி கேட்டது. முழங்காலின் வீக்கத்தையும் ஊசிப் பொட்டையும் டாக்டர் பார்த்தார். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"வலி ஏதாவது?"

"இல்லை, டாக்டர்."

"பழைய டீம்ல அடிபட்டது, பிடிச்சது?"

"எதுவும் இல்லை."

"கையெழுத்துப் போடுங்க."

"ஸ்கேன் எடுக்கலையா?"

"உங்க புது டீம் கேக்கலை" என்றார் டாக்டர், அடுத்தவரைக் கூப்பிட மணியை அழுத்தியபடி.

அதிர்ஷ்டம்தான் என்று நினைத்தான் டெல்ஃபின். வெளியே வந்து பெர்டிங்கைக் கட்டிப்பிடித்தான். ஐஸ் பெட்டியோடு நின்ற கிழவர் அந்த அணைப்பில் கொஞ்சம் விறைத்தார்.

தலா சோப்பு டீமின் அரங்கத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மதியமாகிவிட்டது. மழை பிடித்திருந்தது. பெர்டிங் படிக்கட்டிலேயே தங்கிவிட்டார். உள்ளே பையன்கள் கூச்சல் போட்டுக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தார்கள். மேனேஜர் ஒகாம்போ தன் அறையில் பன்சிட் நூடுல்ஸைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"வாங்க டெல்ஃபின், சாப்பிட்டீங்களா? தட்டு எடுத்துக்குங்க. தேறிட்டீங்களாமே!"

"எந்த நம்பர் ஜெர்சி சார்? பழைய நம்பரே கிடைச்சா..."

முள்கரண்டி நின்றது. "இலகான் உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலையா?"

இலகான் பக்விஸ் டீமின் மேனேஜர். காலையில் வாழ்த்துச் சொல்லி அனுப்பியவர்.

"என்ன சொல்லணும் சார்?"

ஒகாம்போ தட்டைத் தள்ளி வைத்தார். "நாங்க டீமைப் பிடுங்கி நடுறோம் டெல்ஃபின். ரெண்டு வருஷம் தெரிஞ்சேதான் தோக்கப்போறோம். கடைசி இடத்துல இருந்தாத்தான் நல்ல பையன்கள் கைக்கு வருவாங்க. எங்களுக்கு வேண்டியது பக்விஸோட தேர்வு உரிமை. ஆனா ஆள் மாத்தும்போது ரெண்டு பக்கச் சம்பளமும் சமமா இருக்கணும்னு விதி. தராசு ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு நின்னுச்சு. உங்களை வெச்சாங்க, சரியாப் போச்சு. இந்த மாசச் சம்பளம் வந்துடும். நாளைலேருந்து நீங்க வர வேண்டியதில்லை."



"அப்ப... டாக்டர்?"

"சடங்கு. ஸ்கேன்கூட வேணாம்னு நான்தான் சொன்னேன்."

"வலி இருக்குன்னு சொல்லியிருந்தா?"

"அப்பவும் ஆள் மாத்தறது நடந்திருக்கும். நாங்க உங்களை ஆட விடப்போறதில்லையே. அடிபட்டது பக்விஸ்லன்னு பதிவாகியிருக்கும். ஆபரேஷன், குணமாகற வரைக்கும் சம்பளம், எல்லாம் இலகான் தலையில விடிஞ்சிருக்கும்." ஒகாம்போ சிரிக்கப் பார்த்தார். "நல்லவேளை, நீங்க தெம்பா இருக்கீங்க."

டெல்ஃபினின் விரல்கள் தொடையை இறுக்கிப் பிடித்தன. முழங்காலில் மரப்பு விட்டுக்கொண்டிருந்தது. எலும்புக்குள் யாரோ ஆணியைத் திருகுவதுபோல முதல் குத்து வந்தது.

"சார், கால் வலிக்குது."

ஒகாம்போவின் குரல் இறங்கியது. "காலைல இல்லைன்னு கையெழுத்துப் போட்டுட்டீங்களே டெல்ஃபின். காலைல இல்லாத வலிக்கு மத்தியானம் யார் பொறுப்பேத்துக்குவாங்க?"

நூடுல்ஸ் தட்டை அவன் பக்கமாக நகர்த்தினார். "கொஞ்சம் சாப்பிட்டுப் போங்க."

சுவரைப் பிடித்துப் பிடித்துத்தான் வெளியே வர முடிந்தது. அந்த நடையைப் பார்த்ததும் பெர்டிங் எழுந்தார். டெல்ஃபின் மேல்படியில் சரிந்து உட்கார, வழக்கம்போல் கீழ்ப்படியில் மழையிலேயே குத்தவைத்துக் காலைத் தன் மடிக்கு எடுத்துக்கொண்டார்.

"கழட்டி விட்டுட்டாங்க, மாங்."

பெர்டிங் தலை நிமிரவில்லை. ஐஸ் பெட்டியைத் திறந்தார். ஐஸ் முழுவதும் தண்ணீராகியிருந்தது. துண்டைப் பிழியும்போது, அதில் சுற்றியிருந்த இன்னொரு ஊசி படியில் விழுந்து உருண்டது. உறை பிரிக்காத ஊசி.

"ரெண்டா வாங்கினீங்க?"

கிழவர் ஈரத்துண்டை முழங்காலின் மேல் போர்த்தினார்.

"ஒண்ணு பத்தாட்டி இன்னொண்ணையும் ஏத்திடு, எப்படியாவது வலி இல்லைன்னு சொல்ல வெச்சிடுன்னு..." என்றார், முழங்காலிடமே சொல்வதுபோல. "இலகான்தான் ரெண்டையும் கொடுத்தனுப்பினாரு."