மயில்கழுத்து மேகத்துக்கு ஒரு சாட்சி

வணக்கம். எல்லோரும் சௌக்கியமா? இந்த வருடப் பனி எனக்குத் தொண்டையைக் கட்டிவிட்டது. மிளகு ரசத்தைக் குடித்துக்கொண்டே இதை எழுதுகிறேன். உங்கள் வீட்டில் யாருக்கும் இருமல் சளி இல்லையே? வெந்நீர் குடியுங்கள். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியது இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிட்டால் எனக்கு நிம்மதி. என் தம்பி கோவர்த்தனன் கேட்டான், அதனால் எழுதுகிறேன்.

அவன் திருப்பதியில் வேன் ஓட்டுகிறான். பக்தர்களை மலைக்கு ஏற்றிப் போய், தரிசனம் முடிந்ததும் இறக்கிக்கொண்டு வருவான். நான் நகரியில் மகன் வீட்டில் இருக்கிறேன். கீழே விசைத்தறி கடகடவென்று ஓடும். மாடியில் நான் ஃபோனில் ஒற்றை விரலால் கதை தட்டுவேன். போகிக்கு முந்தின வாரம் அவன் கூப்பிட்டான். சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை.

"அக்கா, நீ கதை எழுதிக்கினு இருக்கியே, அத எத்தினி பேரு படிப்பாங்க?"

எனக்கு ஒரே சந்தோஷம். கூடப்பிறந்தவன் முதல்முறையாக இதைக் கேட்கிறான். நிறையப் பேர் என்றேன். (நிறைய என்றால் எவ்வளவு என்று அவன் கேட்கவில்லை, நல்லவேளை.)

"அப்போ அதுல ஒண்ணு போடு. போன வெள்ளிக்கெழம காலைல வானத்துல கலர் மேகம் பார்த்தவங்க யாராச்சும் இருக்காங்களான்னு."

அது கதை இல்லையடா, விளம்பரம் என்றேன். எதுவோ ஒன்று என்றான். பிறகு குரலை இறக்கி, "எனக்கு ஒருத்தர் பார்த்திருந்தா போதும்க்கா" என்றான். அந்தக் குரலுக்காகத்தான் உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: "மார்கழிப் பனி இன்னும் விலகாத ஏழு மலைகளின் மேலே, வண்ணங்களின் தேரொன்று" இதை இதோடு விட்டுவிட்டேன். நாட்காட்டியில் சாமி படத்துக்குக் கீழே போடுவது போல இருந்தது.

இரண்டாவது: "மேகத்துக்கு நிறம் எப்படி வருகிறது என்றால்," இதுவும் பாதியில் நிற்கிறது. ஆனால் நான் தேடிப் படித்ததைத் தூக்கிப்போட மனசு வரவில்லை, சொல்லிவிடுகிறேன். மெல்லிய மேகத்தில் தண்ணீர்த்துளிகள் எல்லாம் மிகச் சின்னதாக, ஏறக்குறைய ஒரே அளவில் இருக்க வேண்டுமாம். அப்போது அதன் வழியே வரும் வெளிச்சம் நிறம் நிறமாகப் பிரியுமாம். மழை பெய்த ரோட்டில் பெட்ரோல் சிந்தினால் மினுக்குமே, கிட்டத்தட்ட அந்தச் சாயல். இதில் ஒரு சங்கடம். அந்த நிறம் சூரியனுக்குப் பக்கத்தில்தான் அதிகம் வரும். அங்கே யார் பார்ப்பார்கள்? கண் கூசும். மலையோ கட்டடமோ சூரியனை மறைத்தால்தான் தெரியும். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தால் இன்னும் நன்றாகத் தெரியும்.

அப்படியென்றால் இந்த நிறங்கள் நம் தலைக்கு மேல் எத்தனை முறை வந்து போயிருக்கும்? இத்தனை வயதுக்கு ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை. இந்த எண்ணம் வந்த பிறகு எனக்குச் சமையலில் கவனம் இல்லை. துணி காயப்போடப் போனால் அப்படியே நின்றுவிடுகிறேன்.

மூன்றாவது தொடக்கம் வேண்டாம். நடந்ததைச் சொல்கிறேன்.

3

வெள்ளிக்கிழமை காலை, கோவர்த்தனன் மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தான். வண்டி நிறைய ஒரே குடும்பத்துத் தெலுங்குக்காரர்கள். எல்லோரும் மொட்டை, சந்தனம், மடியில் லட்டுப் பை. ராத்திரி முழுக்க வரிசையில் நின்றவர்கள், முதல் வளைவு தாண்டுவதற்குள் தூங்கிவிட்டார்கள். ஒரு திருப்பத்தில் பாறையின் தோளுக்குப் பின்னால் சூரியன் மறைந்தது. அதன் விளிம்புக்கு மேலே இருந்தது ஒரு துண்டு மேகம்.

எப்படி இருந்தது என்று கேட்டேன். நாங்கள் நெசவாளி வீட்டுப் பிள்ளைகள், அவன் தறியை விட்டு ஸ்டியரிங்கைப் பிடித்து எத்தனையோ காலம் ஆகியும் வாயில் வந்தது அதுதான்.

"மயில்கழுத்துச் சேலைய வெயில்ல இப்பிடித் திருப்பினா ஒரு கலரு, அப்பிடித் திருப்பினா ஒரு கலரு வருமே. அந்த மாதிரி. யாரோ மேல நின்னு திருப்பிக்கினே இருந்த மாதிரி."

மலைப்பாதையில் வண்டியை நிறுத்தக் கூடாது. வேகத்தைக் குறைத்து, பின்னால் திரும்பாமலே, "அக்கட சூடண்டி, சூடண்டி" என்றான். அங்கே பாருங்கள் என்றானே தவிர எதை என்று சொல்லவில்லை. அவன் செய்த தப்பு அதுதான்.

மலையில் வைத்து ஒருவன் பாருங்கள் என்றால் வேறு எதைப் பார்ப்பது? தூக்கத்திலிருந்து எழுந்த அத்தனை பேரும் கைகளைத் தலைக்கு மேல் கூப்பி, கண்களை இறுக்கி மூடிக்கொண்டு, கோவிந்தா என்று குரல் கொடுத்தார்கள்.* கண்ணைத் திறங்கள் என்று கெஞ்சியிருக்கிறான். கோவிந்தா இன்னும் பலமாக வந்தது. அவர்கள் கண் திறப்பதற்குள் வண்டி வளைவைத் தாண்டிவிட்டது.

இறங்கும்போது ஒரு கிழவி அவன் கையில் லட்டைப் பிட்டு வைத்து, நல்ல தரிசனம் காட்டினாய் நாயனா (அப்பனே) என்றாளாம்.

(* சிரிக்காதீர்கள். பொழுதெல்லாம் வரிசையில் நின்றுவிட்டு, சாமி எதிரே வந்ததும் கண்ணை மூடிக்கொள்வது நம் எல்லோருக்கும் உள்ள பழக்கம்தான். பெருமாள் எப்படி இருந்தார் என்று யாராவது கேட்டால் நானும் படத்தைப் பார்த்துத்தான் சொல்வேன்.)

4

ஒரு மேகத்துக்கு எதற்கு இத்தனை கவலை என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். அப்புறம்தான் சொன்னான்.

தீபாவளிக்குப் பிறகு அவனுக்கு வலது கண்ணில் புரை எடுத்தார்கள். அனுப்பும்போது டாக்டர் ஒன்று சொல்லியிருக்கிறார்: விளக்கைச் சுற்றியோ வெளிச்சத்தைச் சுற்றியோ நிறம் நிறமாக வளையம் தெரிந்தால் உடனே வர வேண்டும், தள்ளிப்போட்டால் பார்வையே போகலாம். பக்கத்தில் நின்று அதைக் கேட்டவள் அவன் மனைவி மனோரமா. இனி கண்ணில் ஏதாவது கோளாறு என்றால் வண்டிச் சாவி சாமி அலமாரிக்குப் போய்விடும் என்று அன்றைக்கே சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

ஆகவே நிறம் வானத்தில் இருந்ததா, கண்ணில் இருந்ததா? வானம் என்றால் அவன் வண்டி ஓட்டலாம். கண் என்றால் வீட்டில் உட்கார வேண்டும், அதுவும் சீக்கிரம் போய்க் காட்டினால். தள்ளிப்போட்டால் பார்வையும் போகும்.

வண்டிக் கண்ணாடியும் அவன் போட்டிருந்த கறுப்புக் கண்ணாடியும் சேர்ந்து ஏதாவது செய்ததோ என்றும் ஒரு சந்தேகம் இருந்தது. மறுநாள் அதே வளைவில் பார்த்தானாம், ஒன்றும் இல்லை. ஆனால் அதை வைத்து என்ன சொல்வது? மேகமும் வந்து போகும், நோயும் வந்து போகும்.

போய்க் காட்டிவிடேன் என்றேன். ஒருவர், ஒரே ஒருவர் பார்த்திருந்தால் போகவே வேண்டாமே என்றான்.

5

கதை எழுதுகிறவளுக்கு ஒரு ஆளா கிடைக்காது? இப்படி எழுதினேன்:

"ஏர்பேடு போகும் வழியில், ரோட்டோரம் நெல் காயவைத்திருந்தாள் ஜெயம்மா. மழை வந்துவிடுமோ என்று நொடிக்கொரு தரம் அண்ணாந்து பார்ப்பாள். அன்றும் பார்த்தாள். காலால் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்."

எனக்குப் பிடித்திருந்தது. நெல் காயவைக்கிறவளைவிட மேகத்தை அக்கறையாகப் பார்ப்பவர் யார்? ஆனால் எழுதி முடித்ததும் ஒரு சோர்வு. நான் எத்தனை ஜெயம்மாக்களை வேண்டுமானாலும் ரோட்டோரம் நிறுத்தலாம். ஒருத்திகூட என் தம்பிக்குப் பிரயோசனம் இல்லை.

(இங்கே ஜெயம்மாவை எடுத்துவிட வேண்டும் என்று எனக்கு நானே குறித்து வைத்திருந்தேன்.)

எடுப்பதற்கு முன்னால், வண்டி விவரமெல்லாம் சரியாக இருக்கிறதா பார் என்று அதுவரை எழுதியதை அவனுக்கு அனுப்பிவிட்டேன்.

6

இரண்டு நாள் பேச்சே இல்லை. பிறகு ஃபோன் வந்தது. குரலில் பொங்கல் வந்திருந்தது.

"பார்த்துட்டன்க்கா அவள."

யாரை என்றேன். ஜெயம்மாவை என்றான்.

சவாரி முடித்துவிட்டு ஏர்பேட்டு ரோட்டில் போயிருக்கிறான். நெல் காய்ந்துகொண்டிருந்த இடத்திலெல்லாம் வண்டியை நிறுத்தி, இங்கே ஜெயம்மா யார் என்று கேட்டிருக்கிறான். எங்கள் பக்கத்தில் ஜெயம்மாவுக்கா பஞ்சம்? ஒருத்தி, ஏன் நாயனா என்று எழுந்து வந்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை காலை மேகத்தில் கலர் பார்த்தாயா என்று கேட்டதற்கு, பார்த்தேனே, ஓரத்தில் பச்சை, உள்ளே ரோஜா நிறம் என்றாளாம்.

பச்சையும் ரோஜாவும் நான் எழுதியதில் இல்லை. நீ முதலில் நிறத்தைச் சொல்லிவிட்டுக் கேட்டாயா, அவளாகச் சொன்னாளா என்றேன். யோசித்தான். நினைவில்லை என்றான்.

நம் ஊரில் வழி கேட்டால் தெரியாது என்று யாராவது சொல்கிறார்களா? கையை நீட்டி ஒரு பக்கத்தைக் காட்டுவார்கள். இத்தனை தூரம் தேடி வந்தவனை வெறுங்கையோடு அனுப்ப மனசு வராது. அவளும் அப்படிச் சொன்னாளோ? இல்லை, நிஜமாகவே பார்த்தாளோ? அவளை உண்டாக்கிய எனக்கே தெரியவில்லை.

என்னைப் பயமுறுத்தியது வேறு விஷயம். அப்போ டாக்டர் வேண்டாம் இல்லையாக்கா என்றான்.

"கோவர்த்தனா, அந்த ஜெயம்மாவ நான்தாண்டா இட்டுக் கட்டினன். அப்பிடி ஒருத்தி கெடையாது."

அவன் சிரித்தான். "நீ கட்டினியோ யாரு கட்டினாங்களோ. நெல்லு காய வெச்சிக்கினு உக்காந்துகினு கீறாக்கா. எனக்கு வேர்க்கடல குடுத்தா, துன்னுகினே வந்தன்."

நீங்களானால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

7

இங்கே கதைக்கு மூன்று முடிவு எழுதிப் பார்த்தேன். ஒன்றில் கண் நன்றாக இருக்கிறது. ஒன்றில் இல்லை. மூன்றாவதில் மனோரமாவே அந்த மேகத்தைப் பார்த்திருந்து, சொல்லாமல் இருந்திருக்கிறாள். மூன்றாவது எனக்கு ரொம்பப் பிடித்தது, அதனால்தான் முதலில் அதை அழித்தேன். பிடித்ததை எழுதி ஏற்கெனவே ஒரு தடவை மாட்டிக்கொண்டேன். மற்ற இரண்டையும் அழித்துவிட்டு அவனைக் கூப்பிட்டேன்.

"கண்ணக் காட்டாம கதைய அனுப்ப மாட்டன். யாரும் படிக்க மாட்டாங்க. உனுக்கு அந்த வேர்க்கடலக்காரி ஒருத்திதான் சாட்சி."

"இன்னாக்கா இப்பிடி மடக்குற."

"மடக்கறதுதான்."

நேற்று பஸ் ஏறித் திருப்பதி வந்தேன். இன்று காலை கிளம்பும்போது அவனே சாவியைக் கொண்டுபோய்ச் சாமி அலமாரியில் வைத்தான். மனோரமா பார்த்தாள். ஒரு ஸ்வெட்டரை எடுத்து அவன் தோளில் போட்டாள். ஆட்டோவில் வந்தோம்.

8

இதை ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். சொட்டு மருந்து விட்டிருக்கிறார்கள். கூப்பிடும் வரை கண்ணைத் திறக்கக் கூடாது என்று நர்ஸ் சொல்லியிருக்கிறாள். என் பக்கத்தில் என் தம்பி, கண்களை இறுக்கி மூடி, கைகளை மடியில் சேர்த்து வைத்துக்கொண்டு இருக்கிறான். அந்த வண்டியில் இருந்தவர்கள் மாதிரியே. நான் இதைச் சொன்னதும் சிரித்தான், கண்ணைத் திறக்காமல்.

அவனுடைய கறுப்புக் கண்ணாடி என்னிடம் இருக்கிறது. சும்மா போட்டுப் பார்த்தேன். எதிர்க் கட்டடத்து மாடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி. சூரியன் அதன் பின்னால் இருக்கிறது. மலைப்பக்கமிருந்து மெல்லிய மேகம் ஒன்று, பஞ்சைப் பிய்த்த மாதிரி, தொட்டியை நோக்கி நகர்ந்து வந்தது. எழுந்து கம்பியோரம் போய் நின்றேன்.

"இன்னாக்கா பண்ற?"

"வானத்தப் பார்க்கறன்."

முகத்தை என் பக்கம் திருப்பினான். "இருக்குதா?"

பதில் சொன்னேன். என்ன சொன்னேன் என்று உங்களுக்குச் சொல்லமாட்டேன். நான் எழுதினால் அது இன்னொரு ஜெயம்மா ஆகிவிடும்.

ஆகவே இதன் மீதியை நீங்கள்தான் சொல்ல வேண்டும். போகிக்கு முந்தின வாரத்து வெள்ளிக்கிழமை, பள்ளிக்கூட வண்டிகள் போகிற நேரம். திருப்பதியோ சித்தூரோ, வெதுருகுப்பமோ ஏர்பேடோ, எங்கே இருந்தீர்கள்? அண்ணாந்து பார்த்தீர்களா? பார்த்திருந்தால் என்ன நிறம், எந்த ஓரத்தில் எது என்று எழுதுங்கள். பார்க்காதவர்களும் எழுதுங்கள், பார்க்கவில்லை என்று. பாவம் கேட்கிறானே என்பதற்காக யாரும் பார்த்தேன் என்று எழுத வேண்டாம்.

உள்ளே அவன் பெயரைக் கூப்பிடுகிறார்கள். கண்ணை மூடியபடியே எழுந்து என் தோளைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். இதை அனுப்பிவிட்டு ஃபோனை இடுப்பில் செருகப் போகிறேன். நாங்கள் வெளியே வரும்போது உங்களில் ஒருவராவது எழுதியிருங்கள்.