அசையாமல் நிற்கக் கூடாத குடுவை

காலையில் ஆய்வகத்துக்குள் நுழைந்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. குடுவையை ஓயாமல் சுழற்றிக்கொண்டே இருக்கும் ஷேக்கர் நின்றுகிடந்தது.

"மோட்டார் போச்சும்மா. புதுசு வெளியூர்லேர்ந்து வரணும், சாயங்காலம் ஆயிடும்" என்றார் மெக்கானிக் போனில்.

ஷேக்கரின் மேல் ஒரே ஒரு குடுவை. விதையில்லாத ஆரஞ்சு ரகம் ஒன்றின் பூமொட்டிலிருந்து நான் வளர்த்த செல்கள், மஞ்சள் ரவை போல, அதன் அடியில் படியத் தொடங்கியிருந்தன. நோய் வந்து அந்த ரகத்தின் கடைசி மரமும் பட்டுப்போயிருந்தது. ஒட்டுப்போட ஒரு குச்சிகூட மிச்சமில்லை. இந்தச் செல்கள் கருவாகி முளைத்தால்தான் இனி அந்த ரகம் உண்டு. திரவம் அசையாமல் நின்றால் இவையும் காற்றில்லாமல் அடியில் படிந்து செத்துவிடும்.

வாய் அடைத்த குடுவையைக் கையில் எடுத்துச் சுழற்ற ஆரம்பித்தேன். சீக்கிரமே மணிக்கட்டு விட்டுப்போயிற்று. வாய் மட்டும் ஓயவில்லை. எங்கள் ஆய்வகக் கணக்கரைத் தனியாகவே திட்டித் தீர்த்தேன். இன்னொரு ஷேக்கர் கேட்டபோது, "ஒண்ணுதான் நல்லா ஓடுதே" என்று கையை விரித்தவர் அவர்தான்.

கதவு திறந்தது. அவரேதான். அத்தனையும் காதில் விழுந்திருக்கும்.

"குடுங்கம்மா" என்றார், சட்டைக் கையை மடித்தபடி.

"இது கூட்டல் கழித்தல் இல்ல சார்."

"தெரியும். எந்தப் பக்கம் சுத்தணும்னு மட்டும் சொல்லுங்க."

சொன்னேன். என்னைவிட நிதானமாகவே சுற்றினார். அவர் கை ஓய்ந்தபோது ஆய்வக டிரைவர் வந்து வாங்கிக்கொண்டார். மதியம் நான் மறந்துவிட்டு வந்த சாப்பாட்டோடு மாமியார் வந்தார். இந்த அறையில் யாரும் கால் வைக்கக் கூடாது என்று வீட்டிலும் நான் சட்டம் போட்டிருந்தேன்.

"உன் வீட்டுக்காரனைத் தொட்டில்ல போட்டு ஆட்டின கை இது. அவன் லேசுல தூங்கமாட்டான். குடு இப்படி, நீ போய்ச் சாப்பிடு."

இருட்டும் நேரத்தில் மோட்டார் வந்தது. அப்போது குடுவை மறுபடியும் கணக்கர் கையில்தான் இருந்தது.

சில வாரங்கள் கழித்து மூவரையும் நானே அழைத்தேன். மைக்ராஸ்கோப்பில் குட்டிக் கருக்கள் தெரிந்தன; ஒன்றிரண்டில் இலைகூடப் பிரியத் தொடங்கியிருந்தது. கணக்கர் கடைசியாகக் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"அன்னைக்கே நான் இன்னொண்ணு வாங்கித் தந்திருந்தா..." என்று இழுத்தார்.

"தந்திருந்தா நீங்க யாரும் இந்த ரூமுக்குள்ளயே வந்திருக்க மாட்டீங்க சார்" என்றேன்.

குரல் உடைந்துவிட்டது. திட்டும்போது ஒருநாளும் அப்படி உடைந்ததில்லை.