பார்த்தால் தொற்றாத கண்

முரசுமோட்டைக் கதிர்காமநாதனின் வலது கண் சிவந்த அன்று, பரந்தன் சந்தியில் மூன்று பஸ்கள் அவனைக் கண்டு வரிசையாக நின்றன. பச்சை விழும் என்று சாரதிகள் பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்தார்கள். இதை ஊரில் மறுப்பவர் எவரும் இல்லை.

சிவந்த கண்ணுக்கு ஊர் வைத்திருப்பது ஒரே பெயர்: கண்நோய். கண்நோய்க்காரனின் கண்ணை நேரே பார்த்தால் தொற்றும் என்பது அங்கே சட்டம். சிறுபோக நெல்லுக்குத் தண்ணீர் பங்கிடும் கூட்டத்துக்கு நாதன் போனான். விவசாயிகளின் கமக்கார அமைப்புத் தலைவி விமலேஸ்வரி தன் காலைப் பார்த்தபடியே, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நின்று கதைக்கச் சொன்னார். வீட்டில் மனைவி கமலாசனி கூரையைப் பார்த்துக்கொண்டு சோறு போட்டாள். நாய்கூட முகத்தை மறுபக்கம் திருப்பி வைத்துக்கொண்டுதான் வாலை ஆட்டியது.

நாதனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பீளை இல்லை, அரிப்பு இல்லை. வெளிச்சம் பட்டால் மட்டும் கண்ணுக்குள் உலக்கை போட்டதுபோல் வலி, பார்ப்பதெல்லாம் புகை. ஆனாலும் அவனும் அந்த ஊரான்தானே. ஒரு கிழமையில் தானாக மாறும் என்று கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒன்பது நாள் இருந்துவிட்டான். பத்தாம் நாள், வரம்பு என்று நினைத்து வாய்க்காலுக்குள் கால் வைத்த பிறகுதான் கிளிநொச்சிக்குப் போனான்.

கண் கிளினிக்கில் இருந்தவர் தாட்சாயினி என்ற இளம் டொக்டர். முகத்தை நீட்டி நாடியை யந்திரத்தில் வைக்கச் சொல்லி நெடுநேரம் கண்ணுக்குள்ளே பார்த்தார். பிறகு, விடிய எழும்பும்போது இடுப்பும் நாரியும் இறுகிக் கிடக்குமோ என்று கேட்டார்.

“நான் கண்ணைக் காட்ட வந்தனான், டொக்டர். நாரியைப் பற்றி ஒரு முறைப்பாடும் இல்லை.”

ஆனால் டொக்டர் கேட்டது சரியாகத்தான் இருந்தது. ஆறு வருடமாக அவன் விடியலில் மரக்கட்டைபோலத்தான் எழும்புகிறான். கமலாசனி அதற்குப் பஞ்சி, வெறும் சோம்பல் என்று பெயர் வைத்திருந்தாள்.

“இது தொத்துற கண்நோய் இல்லை, அண்ணா. கண்ணுக்கு உள்ளுக்க அழற்சி. உடம்பைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தியே உடம்புக்கு அடிக்குது. நாரிக்கும் அதுதான் காரணமோ எண்டு சோதிக்கவேணும்.” டொக்டர் துண்டில் மருந்தை எழுதினார். “கண்மணி ஒரு பக்கம் வில்லையோட ஒட்டிப்போச்சு. ஒட்டு விடாட்டிப் பார்வைக்கு மோசம். மணித்தியாலத்துக்கு ஒருக்கா மருந்து விடுங்கோ. சிவப்பு மாறினாலும் நான் சொல்லாமல் நிப்பாட்டவேண்டாம்.”

மருந்து வந்தது, விட ஆள்தான் இல்லை. தொற்றாது என்று நாதன் நூறு தரம் சொல்லியும் கமலாசனி கண்ணை இறுக மூடிக்கொண்டே விட்டாள். பாதி மருந்து காதுக்குள் போனது. அதோடு அவனுக்குத் தொலைவில் உள்ள புளியம்பொக்கணையில் கதைப்பதும் கேட்டது. கண் மட்டும் தெரியவில்லை.

அவன் தானே விட்டுப் பார்த்தான், மூக்கில் விழுந்தது. இரண்டு நாள் வீணாகிவிட்டது. ஊருக்குப் பயந்த பயத்தில் என் கண் போவதா என்று, அடுத்த கூட்டத்துக்குக் கமலாசனியையும் கூட்டிக்கொண்டு போனான். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நிற்கவில்லை. நேரே அமைப்புக் கட்டடத்துக்குள் போய் வாங்குப் பலகையில் மல்லாந்து படுத்தான். இரண்டு பேர் பின்கதவால் கழன்றார்கள்.

“அக்கா, நேரமாச்சு. நீங்கள்தான் என்னை வெளியிலை விட்டனீங்கள், நீங்கள்தான் மருந்தும் விடவேணும். கண்ணைத் திறந்து பாத்து விடுங்கோ.”

விமலேஸ்வரி போத்தலை வாங்கினார். முதலில் சுவரைப் பார்த்தார், பிறகு போத்தலைப் பார்த்தார், பிறகு வேறு வழியில்லாமல் கண்ணைப் பார்த்தார். துளி உள்ளே விழுந்தது. அவர் நிமிரவில்லை.

“கமலாசனி, இஞ்ச வா. கண்மணி வட்டமாய் இல்லையடி. புளியங்கொட்டை மாதிரி இழுத்துக் கிடக்கு.”

கமலாசனி வந்து குனிந்து பார்த்தாள். போத்தலைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். அதன் பிறகு ஒரு துளியும் தவறவில்லை.

அடுத்த வியாழன் கிளினிக்கில், ஒட்டு முக்கால்வாசி விட்டுவிட்டது, பார்வை திரும்பும் என்றார் டொக்டர். நாதன் நன்றி சொன்னான். பிறகு, இந்தக் கண் தொற்றாது என்று பெரிய எழுத்தில் எழுதி ஒப்பமும் போட்டுத் தரச் சொன்னான்.

ஊருக்கு வந்ததும் அதைக் கமக்கார அமைப்புக் கட்டடத்தில் ஒட்டினான். முன்கதவில் அல்ல, ஆட்கள் கழன்ற பின்கதவில்.