மாரப்பனின் ரத்தம்

விடியற்காலைப் பனியில் மலை ஆஸ்பத்திரியின் சாய்தளம் வழுக்கியது. இரவுப் பணி முடிவதற்குள் ஆக்சிஜன் சிலிண்டரை வார்டுக்கு ஏற்றியாக வேண்டும். நர்ஸ் ஜெனிபர் முன்னால் இழுத்தாள். துப்புரவுப் பணியாளர் கண்ணாத்தாள் பின்னால் முட்டுக்கொடுத்தாள். இருவருக்கும் மூச்சு வாங்கியது. சிலிண்டருக்குள் இருந்த காற்று நோயாளிக்கு மட்டும்தான்.

மேலே வந்ததும் இனிப்பு தூக்கலான டீயும் பன்னும். இரவெல்லாம் நின்றவர்களுக்குச் சோறு போடும் வழக்கம், அவர்களை வேலைக்கு வைத்திருந்த குத்தகைக் கம்பெனிக்குக் கிடையாது. பசிக்கும் தூக்கத்துக்கும் பன்தான் மருந்து. ஜெனிபரின் இடுப்பு வருடாவருடம் அகன்றது. சம்பளம் மட்டும் ஒல்லியாகவே இருந்தது.

கம்பெனி மேனேஜர் நவநீதகிருஷ்ணனிடமிருந்து செய்தி வந்தது. ஊழியர்களுக்கு இலவசப் பரிசோதனை. ரத்தம் எடுத்து நாமக்கல் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும்.

"கையுறை கேட்டதுக்கே மூஞ்சியத் திருப்புனவரு. இப்ப எதுக்கு நம்ம ரத்தத்து மேல இத்தன பாசம்?" என்றாள் ஜெனிபர்.

"சுகரு, கொழுப்பு இருக்கறவங்கள ஊட்டுக்கு அனுப்பத்தான் கண்ணு," என்றாள் கண்ணாத்தாள். அவள் முந்தானையில் முடிந்திருந்த சர்க்கரை மாத்திரை வார்டுக்கே தெரியும்; மேனேஜருக்குத் தெரியாது.

வாட்ச்மேன் மாரப்பன் மலைமேலே பைல் நாட்டு ஊர்க்காரன். தினமும் நடந்தே வருகிறவன்; சர்க்கரை அண்டாத உடம்பு. ஜெனிபர் எல்லார் பெயரும் எழுதிய சோதனைக் குழாய்களை அவன் கையிலிருந்தே நிரப்பினாள்.

"ஏனுங்க நர்ஸம்மா, எனக்குக் கொஞ்சம் மிச்சம் வைப்பீங்களா?"

"பேசாதீங்கண்ணா. மொத்த ஆஸ்பத்திரியும் உங்கள நம்பித்தான் இருக்குது."

எல்லாருக்கும் ஒரே சர்க்கரை அளவு வந்தது. ஆய்வகம் ஆச்சரியப்படவில்லை. நவநீதகிருஷ்ணன் கேக்கோடு வந்தார். மலையடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து அத்தனை கொண்டை ஊசி வளைவுகளிலும் கேக் நசுங்கவில்லை; ஜெனிபருக்கு அதுவே சந்தேகமாக இருந்தது.

"எல்லாருக்கும் இரும்பு ஒடம்பு! இனிப் புது ஆள் எதுக்கு? ஆளுக்கு ரெண்டு வார்டு," என்றார்.

அந்த வாரமே வார்டுத் தரையில் ரத்தத் துளிகள். "யாரு இப்பிடிச் சிந்துனது?" என்று திட்டிக்கொண்டே கண்ணாத்தாள் துடைத்தாள். துடைத்த இடத்திலும் சொட்டியது. ஜெனிபர் அவளை உட்காரவைத்துப் பாதத்தைத் திருப்பினாள். ரப்பர் செருப்பைத் துளைத்து, ஊசி ஒன்று உள்ளங்காலில் ஏறியிருந்தது.

"வலிக்கலயாக்கா?"

"எது கண்ணு?"

சர்க்கரை அந்தக் காலை மரத்துப்போக வைத்திருந்தது.

மறுநாள் மேனேஜர் வந்தபோது, நோயாளிகளின் வரிசைக்கு முன்னால் ஊழியர் அனைவரும் சர்க்கரை பார்க்கும் மெஷினோடு நின்றார்கள்.

"அன்னிக்கு அனுப்புனது பூராவும் மாரப்பண்ணன் ரத்தம் சார்," என்றாள் ஜெனிபர். "இன்னிக்கு எங்களுது. உங்க கண்ணு முன்னால."

"மோசடி! அத்தன பேரையும் நிறுத்திருவேன்!"

"நிறுத்துங்க. எல்லா வார்டையும் நீங்களே பாத்துக்குங்க. இல்லீன்னா அக்காவுக்கு வைத்தியம், வேலைக்குக் கூட ஆளு, ராத்திரிக்குச் சோறு."

மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். "நீ மட்டும் ரூமுக்கு வாம்மா, பேசிக்கலாம்."

"எல்லாரும் வாறோங்க," என்றாள் கண்ணாத்தாள்.

வரிசையில் இருந்த மிளகு விவசாயி பக்கத்து ஆளைக் கேட்டார்: "ஏனுங்க, இங்க சீக்காளி யாரு?"  வரிசை நெருங்கிவந்து ஊழியர்களின் முதுகுக்குப் பின்னால் நின்றது.

மாரப்பன் முதலில் விரலை நீட்டினான்.

"நீங்கதான் அப்பவே குடுத்தாச்சேண்ணா?"

"பழகிப் போச்சுங்க."

அடுத்து ஜெனிபர், இத்தனை நாள் தன் சர்க்கரையைப் பார்க்கப் பயந்தவள், விரலைக் குத்தினாள். மெஷின் யோசித்தது. எல்லாக் கழுத்துகளும் குனிந்தன, மேனேஜருடையதும்.

எண் இன்னும் வரவில்லை. கட்டுப்போட்ட காலோடு கண்ணாத்தாள் அதற்குள் தன் விரலைத் துடைத்து நீட்டியிருந்தாள்.