கதிர்க்குருவியா, ஈப்பிடிப்பானா

ஜூன் பதினான்காம் தேதி காலை, காட்டின் வடக்குச் சரிவில், பறவைக் கணக்கெடுப்பு ஊழியர் ஒருவர் பள்ளத்தில் விழுந்து இறந்தார்.

அவருடைய மனைவி பிணவறை வராந்தாவில், அவரோடு வேலை செய்த நெட்டையனை நடந்ததை மறுபடியும் சொல்ல வைத்துக்கொண்டிருந்தாள். சாவில் சந்தேகம் இல்லை என்று அவள் சொன்னால்தான் உடலைக் கொடுப்பார்கள். இன்ஸ்பெக்டர் உள்ளே காத்திருந்தார்.

நெட்டையன் சொன்னதில் ஒரு வார்த்தைகூட மாறவில்லை. அதுவே அவளை உறுத்தியது. புதரில் ஒரு குருவி கத்தியது, கதிர்க்குருவியா, ஈப்பிடிப்பானா என்று பார்க்க அண்ணன் விளிம்புக்குப் போனார், கால் வழுக்கியது.

"பாக்கவா? பாம்புச் செவின்னு ஆபீஸே பட்டப்பேர் வச்ச மனுஷன். பல்லு வெளக்கிக்கிட்டே எது எந்தக் குருவின்னு சொல்வாரு. அவரு எதுக்குத் தம்பி எட்டிப் பாக்கணும்?"

அவன் சட்டைப் பொத்தானைத் திருகினான். ஒரே பதவி உயர்வுக்கு இருவர் பெயரும் போயிருந்தது அவளுக்குத் தெரியும்.

"நீ எங்க நின்னே?"

"பக்கத்துலதான் அண்ணி."

"பக்கத்துல நின்னவன் கையப் புடிக்கலையா?"

அவன் பொத்தானை விட்டுவிட்டு நிமிர்ந்தான். பிறகு சொன்னான்.

"அவருக்குக் கீச்சுக்குரல் கேக்கறதில்ல அண்ணி. மூணு வருஷமாச்சு. ஒரு விரல்னா கதிர்க்குருவி, ரெண்டுன்னா ஈப்பிடிப்பான். நான்தான் காட்டுவேன். அன்னிக்குக் குருவி கத்துதுன்னு மட்டும் சொன்னேன், விரலக் காட்டல. காது டாக்டரப் பாத்தாத்தான் இனிமேன்னு சொல்லிட்டுப் பின்னாலயே நின்னுட்டேன். போடா, எனக்குக் கண்ணு இருக்குன்னு கோவமாப் போனாரு."

பொய்யாக இருக்கலாம். செத்தவர் எழுந்து வந்து மறுக்கப்போவதில்லை. அவள் அவன் முகத்தையே பார்த்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே, சமையலறையிலிருந்து தான் எத்தனை முறை கூப்பிட்டும் திரும்பாத ஒரு முதுகு நினைவுக்கு வந்தது. இந்த மனுஷனுக்கு என்னைப் பிடிக்காமல் போய்விட்டது என்று முடிவு கட்டி, சென்ற வருடத்திலிருந்து அவளும் கூப்பிடுவதை விட்டிருந்தாள்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. தெரிஞ்சா அவர் எடுத்த கணக்கெல்லாம் குப்பைக்குப் போயிரும்."

உள்ளிருந்து அழைப்பு வந்தது. கால் வழுக்கி விழுந்தார் என்று அவள் இன்ஸ்பெக்டரிடம் சொன்னாள். யார் மேலாவது சந்தேகம் உண்டா என்று அவர் கேட்டார். இல்லை என்றாள்.

மதியம் உடலைக் கொடுத்தார்கள். வண்டியில் ஏற்ற ஆள் போதவில்லை. தலைப்பக்கம் நெட்டையன் பிடித்தான், கால்பக்கம் அவள்.