பதினான்காம் வினாவில் மெயின் கிளாஸ் இல்லை

1

இந்தக் கதை ஒரு பிழையிலிருந்து தொடங்கியது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். திண்டிவனத்தில் தென்னரசு நடத்தும் அச்சகத்துக்கு நான் மெய்ப்புத் திருத்திக் கொடுப்பதுண்டு. சென்ற மாதம் அவர் அனுப்பிய தாள்கட்டில் ஒன்பதாம் வகுப்பு ஆங்கில இலக்கணப் பயிற்சித்தாள் ஒன்று இருந்தது. வாக்கியத்தின் உறுப்புகளைக் கண்டறிதல்: எது ஃபிரேஸ், எது கிளாஸ், எது தனித்து நிற்கும், எது நிற்காது. மொத்தம் இருபது வினாக்கள். அவற்றுள் பத்தொன்பதில் ஒரு காற்புள்ளியைக்கூட நகர்த்த முடியவில்லை. எனக்குச் சற்று ஏமாற்றமாகவே இருந்தது.

பதினான்காவது வினா, கொடுத்த வாக்கியத்திலிருந்து மெயின் கிளாஸை, அதாவது தனித்து நிற்கும் பகுதியை, எடுத்தெழுதச் சொன்னது. கொடுத்த வாக்கியம், தமிழ் எழுத்தில் தருவதானால், 'இஃப் யூ ஆஸ்க் மீ.' நீங்கள் என்னைக் கேட்டால். முற்றுப்புள்ளி.

கேட்டால் என்ன என்பது அங்கே இல்லை. எடுத்தெழுத மெயின் கிளாஸே இல்லை. பின்பக்கத்து விடைக்குறிப்பில் பதின்மூன்றுக்கு விடை இருந்தது, பதினைந்துக்கு இருந்தது, பதினான்குக்கு எதிரே வெற்றிடம் இருந்தது.

இலக்கணம் தெரியாதவர் அந்த இடத்தில் எதையாவது எழுதியிருப்பார். தெரிந்தவர் வினாவையே திருத்தியிருப்பார். வினாவை ஒருவர் எழுதி, விடையை வேறொருவர் எழுதி, இருவருக்கும் இலக்கணம் நன்றாகத் தெரிந்திருந்தால் மட்டுமே இப்படி ஒரு பிழை அச்சகம்வரை வந்துசேர முடியும். அந்த இருவர் யாரென்று எனக்குத் தெரியாது. ஆகவே உருவாக்கிக்கொண்டேன்.

2

முதல் தொடக்கம்: அதிகாலை ஏழு இருபதுக்கு விழுப்புரம் பேருந்து நிலையத்தில் பனி

(ஏழு இருபது அதிகாலை ஆகாது. மேலும் இது ஜூன் மாதம். விட்டுவிட்டேன்.)

இரண்டாவது தொடக்கம்: அவளுடைய கண்களில் ஏதோ ஒரு

('ஏதோ ஒரு' என்று எழுதுகிறவருக்கு அது என்னவென்று தெரியவில்லை என்று பொருள். இதுவும் வேண்டாம்.)

மூன்றாவது: அன்புச்செல்விக்கு முப்பத்து நான்கு வயது. விழுப்புரத்தில் குடியிருந்து திண்டிவனத்து அரசுப் பள்ளி ஒன்றில் ஆங்கிலம் கற்பிக்கிறாள். சவுரிராயனுக்கு முப்பத்தொன்பது. அவனும் விழுப்புரம், அவனும் ஆங்கிலம், திண்டிவனத்தில் வேறொரு பள்ளி. இருவருக்கும் மணமாகவில்லை. காரணங்கள் தனித்தனி, இந்தக் கதைக்கு வேண்டாதவை. இருவரும் ஏழு இருபது பேருந்தில் செல்கிறார்கள்.

இது நிற்கிறது. இதையே வைத்துக்கொள்கிறேன்.

(ஒரு விளக்கம்: ஆசிரியர்களை 'அவர்' என்பதே முறை. இருவருக்கும் 'அவர்' போட்டால் எந்த அவர் என்று ஒவ்வொரு முறையும் நீங்கள் தேட நேரும். ஆகவே அவள், அவன்.)

3

பேருந்தில் இடப்பக்கம் இருவர் அமரும் இருக்கையில் சன்னலோரம் அன்புச்செல்வி அமர்வாள். நடைபாதைக்கு அந்தப் பக்கம், மூவர் அமரும் இருக்கையின் இந்த ஓரம் சவுரிராயனுடையது. இடையில் நடத்துநர் சின்னக்கண்ணுவின் போக்குவரத்து.

அவர்களுக்குள் ஒரு விளையாட்டு இருந்தது. நெடுஞ்சாலையில் கண்ணில் படும் ஆங்கில எழுத்துகளையெல்லாம் வகைப்படுத்துவது. எழுவாயும் முற்றுவினையும் இருந்தால் கிளாஸ், இல்லாவிட்டால் ஃபிரேஸ். 'நோ பார்க்கிங்' ஃபிரேஸ். லாரிகளின் முதுகில் எழுதியிருக்கும் 'சவுண்ட் ஹார்ன்', பார்ப்பதற்கு இரண்டு சொல், ஆனால் முழு வாக்கியம். 'நீ' என்ற எழுவாய் உள்ளே ஒளிந்திருக்கிறது. இரண்டு ஆண்டுகளில் விக்கிரவாண்டிச் சுங்கச்சாவடிவரை உள்ள பலகைகள் தீர்ந்துவிட்டன. கூட்டேரிப்பட்டில் புதிதாக ஓர் உணவகம் திறந்தபோது இருவரும் பலகைக்காக மகிழ்ந்தார்கள்.

சின்னக்கண்ணு இந்த விளையாட்டை ஓராண்டு கவனித்துவிட்டு ஒருநாள் உள்ளே நுழைந்தார்.

"சார், நான் 'எறங்கு எறங்கு'ன்னு கத்திக்கினே வர்றனே, அது இன்னாது சார்?"

"அது முழு வாக்கியம்ணே," என்றான் சவுரிராயன்.

"ஒத்த வார்த்தைதானே?"

"நீன்றது உள்ள மறஞ்சிருக்கு. வேற எதுவும் வேணாம். அதுவே நிக்கும்."

சின்னக்கண்ணு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் திரும்பினார். "யோவ், முழு வாக்கியமா சொல்றேன், எறங்குய்யா! ஜல்தி!"

இந்த உரையாடலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும். (நல்ல கதாசிரியர் இப்படிச் சொல்லமாட்டார், மெய்ப்புத் திருத்துபவர் சொல்லுவார்.)

4

சவுரிராயன்மேல் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. இவனால் கதையைத் தாங்க முடியுமா?

ஆங்கிலத்தில் அவன் ஒரு வாக்கியத்தையும் பாதியில் விட்டதில்லை. தமிழில் ஒரு வாக்கியத்தையும் முடித்ததில்லை. "டீ சாப்பிடலாமான்னு..." என்பான். "அந்த ஜன்னல கொஞ்சம் சாத்துனா..." என்பான். நம் பேச்சில் இது குறையன்று. 'ன்னு' என்று இழுத்து நிறுத்தினால் மீதியைக் கேட்பவர் கட்டிக்கொள்வார். மறுப்பதற்கும் வசதி, மறுக்கப்பட்டவருக்கும் வசதி. இத்தகைய முடியாத வினையை நம் இலக்கணம் எச்சம் என்கிறது. முடிந்தது முற்று. எச்சம் என்றால் மிச்சம்.

அந்த மிச்சத்தை இரண்டு ஆண்டுகளாக அன்புச்செல்வியே கட்டிக்கொண்டிருந்தாள். "வேணாம் சார், வீட்லயே குடிச்சிட்டேன்." சன்னலைச் சாத்தினாள். காய்ச்சலில் இரண்டு நாள் வராமல் இருந்துவிட்டு வந்த காலையில் அவன், "ரெண்டு நாளா நீங்க வரலன்னதும்..." என்று நிறுத்தினான். அதற்குமட்டும் அவளுக்குப் பயனிலை கிடைக்கவில்லை. வரவில்லை என்றதும் என்ன? இடம் கிடைத்ததா? பலகைகளை எண்ணினானா? அன்று மூன்று பாடவேளை அவள் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். நான்காவது பாடவேளையில், பிறருடைய வாக்கியத்தை முடிப்பதைப் போலக் களைப்பான வேலை வேறில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

5

இப்போது சிக்கல். அன்புச்செல்வி விழுப்புரத்துக்கு மாறுதல் கேட்டிருந்தாள். கேட்டது விளையாட்டுக்கு முந்தைய காலம், முறை வந்தது இப்போது. சனிக்கிழமை காலை இணையவழிக் கலந்தாய்வு. வீட்டிலிருந்து நடக்கும் தொலைவில் ஒரு பள்ளியில் காலியிடம் இருந்தது. அதைத் தேர்ந்தெடுத்தால் திங்கள் முதல் ஏழு இருபது பேருந்து இல்லை. இதைச் சவுரிராயனிடமும் சொல்லியிருந்தாள்.

(வாசகர் ஒருவர் குறுக்கிடுகிறார்: 'இருவரும் ஒரே ஊர்தானே? இதில் என்ன பிரிவு?' நியாயமான கேள்வி. நானும் ஒருநாள் முழுவதும் இங்கே நின்றேன். விடை இது: பேருந்தில் ஓர் ஆணும் பெண்ணும் பேசினால் யாரும் காரணம் கேட்கமாட்டார்கள். திண்டிவனம் போவதே காரணம். விழுப்புரத்தில் கடைத்தெருவில் நின்று பேச வேண்டுமானால் ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணத்தை ஒருவர் வாய்விட்டுச் சொல்லவும் வேண்டும்.)

அவ்வாரம் இரு பள்ளிகளுக்கும் பொதுவாக ஒரு பயிற்சித்தாள் தயாரானது. வினாக்கள் சவுரிராயன், விடைக்குறிப்பு அன்புச்செல்வி. புதன்கிழமை காலை நடைபாதைக்கு மேலாகத் தாள் கைமாறியது. விக்கிரவாண்டி வருவதற்குள் அவள் பதினான்குக்கு வந்துவிட்டாள்.

"சார், பதினாலுல மெயின் கிளாஸ் இல்ல."

"தெரியும் மேடம்."

"தெரிஞ்சே வுட்டீங்களா?"

"கண்டுபுடிக்கட்டும்னு..."

"யாரு? பசங்களா? இல்லாதத எப்பிடி சார் கண்டுபுடிப்பாங்க?"

சின்னக்கண்ணு சில்லறைப் பையோடு நின்றார். "இன்னா மேடம், காலையிலயே பேஜாரு? இன்னாத்த வுட்டாரு சார்?"

"கிளாஸ்."

"கிளாஸா? ஒடஞ்சிடிச்சா?"

"இன்னும் ஒடையல," என்றாள் அன்புச்செல்வி.

சின்னக்கண்ணு இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தேவையே இல்லாமல் விசில் ஊதினார். பேருந்து ஏற்கெனவே போய்க்கொண்டுதான் இருந்தது.

அன்புச்செல்வி தாளை மடியில் வைத்துக்கொண்டாள். இனி மிச்சத்தை அவள் கட்டமாட்டாள். "என்னைக் கேட்டால்னு எழுதியிருக்கீங்க. சரி. கேட்டுட்டேன். சொல்லுங்க."

சவுரிராயனின் காதுகள் சிவந்தன. "அது வந்து மேடம்... திங்கக்கெழமையிலருந்து நீங்க இல்லன்னா..."

"இல்லன்னா?"

"ஏழு இருவது பஸ்ஸுன்றதே..."

"பஸ்ஸு எழுவாய். பயனிலை எங்க?"

அவன் முன்னால் போன லாரியின் முதுகைப் பார்த்தான். அது 'சவுண்ட் ஹார்ன்' என்றது. குரல் எழுப்பு என்று அதைவிடத் தெளிவாக யாரும் யாருக்கும் சொல்லியிருக்க முடியாது.

"வெள்ளிக்கெழம காலையில இது பிரஸ்ஸுக்குப் போவுது," என்றாள். "அதுக்குள்ள முடிச்சிக் குடுங்க. இல்லன்னா பதினாலுக்கு 'விடை இல்லை'ன்னு போட்டுடுவேன். அடுத்த நாள் கலந்தாய்வு. அங்கயும் அதேதான். விழுப்புரத்தையே எடுத்துடுவேன்."

இதைவிட வெளிப்படையாக ஒரு பெண் பேருந்தில் பேச முடியாது. வியாழன் அவன் ஒன்றும் எழுதித் தரவில்லை. கூட்டேரிப்பட்டு உணவகத்துப் பலகையைக்கூட இருவரும் பார்க்கவில்லை.

6

முடிவுகளுக்கு வந்துவிட்டோம்.

(அ) வெள்ளிக்கிழமை சவுரிராயன் எழுந்து நின்று, எழுவாய், செயப்படுபொருள், பயனிலை மூன்றும் அமைந்த ஒரு வாக்கியத்தைச் சொல்கிறான். பேருந்து கைதட்டுகிறது. நிராகரிக்கிறேன். நான்காம் பகுதியில் நான் படைத்த மனிதனால் இது ஆகாது. தவிர, பேருந்துகள் கைதட்டுவதில்லை.

(ஆ) திங்கட்கிழமை. வெறுமையான சன்னலோர இருக்கை. அவன் அதைப் பார்த்து

(ஏழு இருபது பேருந்தில் சன்னலோர இருக்கை ஒரு நிமிடங்கூடக் காலியாக இருக்காது. நிராகரிக்கிறேன்.)

(இ) சின்னக்கண்ணு இருவரையும் சேர்த்துவைக்கிறார். அவருக்கு ஆர்வம் இருக்கிறது. ஆனால் அவருக்குச் சீட்டுக் கிழிக்கும் வேலையும் இருக்கிறது.

ஆகவே, நடந்ததாக எனக்குத் தோன்றுவதை எழுதுகிறேன்.

7

வெள்ளிக்கிழமை திண்டிவனம் மேம்பாலத்து நிறுத்தத்தில் அன்புச்செல்வி இறங்கினாள். அச்சகம் அங்கிருந்து பக்கம். சவுரிராயன் அடுத்து வரும் பேருந்து நிலையத்தில் இறங்க வேண்டியவன். அவள் இறங்கிய பிறகு இருக்கையில் பயிற்சித்தாள் இருந்த கோப்பு கிடந்தது.

(ஒரு காற்புள்ளியை மறக்காதவள் ஒரு கோப்பை மறப்பாளா? இதை என்னிடம் கேட்டால் பதில் சொல்லமாட்டேன்.)

சின்னக்கண்ணு விசில் கொடுத்தார். சக்கரம் உருண்டது. சவுரிராயன் கோப்பைப் பார்த்தான். எடுத்தான். எழுந்தான். அவன் தொண்டையிலிருந்து, அந்தப் பேருந்து இதுவரை கேட்டிராத உரத்த குரலில் ஒரு சொல் வந்தது.

"இருங்க!"

ஓட்டுநர் பிரேக்கை மிதித்தார். கம்பியைப் பிடித்தபடி சின்னக்கண்ணு கேட்டார்: "யார சார் சொல்றீங்க? என்னயா, மேடத்தயா?"

"மேடத்த," என்றான் சவுரிராயன்.

கீழே அன்புச்செல்வி நின்றுவிட்டிருந்தாள். அவன் படியில் இறங்கி வந்து கோப்பை நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டாள். பின்னால் ஒரு டெம்போ பொறுமையிழந்து ஹார்ன் அடித்தது. "எறங்குனா எறங்கு, ஏறுனா ஏறு, முழு வாக்கியமா பண்ணு சார்!" என்றார் சின்னக்கண்ணு. அவன் ஏறிக்கொண்டான்.

அச்சகம்வரை முந்நூறு அடி. அவள் அதை மெதுவாக நடந்தாள். இருங்க. ஏவல். எழுவாய், நீங்கள், உள்ளே மறைந்திருந்தது, நடத்துநர் கேட்டதால் வெளியே வந்துவிட்டது. முற்று. தனித்து நிற்கும். எச்சத்தோடு சேர்த்தும் பார்த்தாள்: என்னைக் கேட்டால், இருங்கள். ஒட்டியது. தையல் தெரியவில்லை.

ஆனால் இந்த ஊர்ப்பக்கம் 'இருங்க' என்றால் 'இங்கேயே இருந்துவிடுங்கள்' மட்டுமன்று, 'ஒரு நிமிடம் நில்லுங்கள்' என்பதும்தான். கோப்பை மறந்துவிட்ட எவரையும் எவரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். எந்த இருங்க?

அச்சகத்து மேசையில் பேனாவைத் திறந்தாள். 'விடை இல்லை' என்று எழுத அவளுக்கு மனம் வரவில்லை. அது இப்போது உண்மையன்று. கிடைத்த விடையையும் எழுத முடியவில்லை. ஆங்கிலத் தாளில் தமிழில் விடை எழுத விதியில்லை. பேனாவை மூடிவிட்டு வந்தாள்.

8

நேற்று தென்னரசு தொலைபேசியில் கூப்பிட்டார்.

"சார், புரூப் வந்திடிச்சி. பதினாலுல ஒண்ணுமே திருத்தலியே? ஆன்சர் கீயிலயும் காலியா கெடக்குது."

"அப்படியே போடுங்க."

"மெயின் கிளாஸ் இல்லன்னு நீங்கதான சார் சொன்னீங்க?"

"இருக்கு. தாள்ல இல்ல, அவ்ளோதான்."

"அப்ப பசங்க இன்னா எழுதுவாங்க?"

"தெரிஞ்சத எழுதட்டும்."

பெருமூச்சு விடும் ஒலி கேட்டது. முப்பது ஆண்டுகளில் நான் தெரிந்தே விட்ட ஒரே பிழை அது.

மீதி, சனிக்கிழமை காலை. கணினித் திரையில் இரண்டு கட்டங்கள் இருக்கும். ஒன்றில் விழுப்புரத்துப் பள்ளியின் பெயர். மற்றொன்றில் 'விருப்பமில்லை'. மாறுதல் வேண்டாதவர் அழுத்துவது இரண்டாவதை. அன்புச்செல்வியைப் பொறுத்தவரை, விருப்பமில்லை என்று அழுத்தினால்தான் விருப்பம் என்று பொருள். இந்த முரணை நான் உண்டாக்கவில்லை. படிவம் அப்படித்தான் அச்சாகியிருக்கிறது.

இரண்டில் எதை அழுத்தினாள் என்று நான் சொல்லப்போவதில்லை. பிறருடைய வாக்கியத்தை முடிப்பது எவ்வளவு களைப்பு என்று அவள் வாயிலாகவே தெரிந்துகொண்டேன். தமிழில் பயனிலை கடைசியில் வருவதால், எழுவாயைக் கொடுத்துவிட்டு எழுதுபவர் விலகிக்கொள்ளலாம். எழுவாய் இதோ. அவளை இரண்டு ஆண்டுகள் பேருந்தில் பார்த்திருக்கிறீர்கள்; 'எந்த இருங்க' என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

அன்புச்செல்வி, தன் பெயர் திரையில் வந்ததும், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மீண்டும் போட்டுக்கொண்டு, விழுப்புரம் என்ற சொல்லை ஒருமுறை எழுத்துப்பிழை பார்த்து, சுட்டியை மெல்ல நகர்த்தி,