பதினேழாம் எண்காரர்

ஷெரிலின் மாமனார் ஆம்ப்ரோஸ் கொடுத்ததென்னவோ ஒரே ஒரு டியூப் ரத்தம். அதற்கு அவர் அடித்த தம்பட்டம் சாந்தோம் முழுக்கக் கேட்டது. மருமகளின் அடையாறு ஆய்வகத்தில் தன் ரத்தம் இருக்கிறது, தன் எண் பதினேழு என்று, பூசை முடிந்து வருகிறவர்களை எல்லாம் வழிமறித்துச் சொன்னார் அந்த ரிட்டயரான டிரில் மாஸ்டர். பொதுமக்கள் பார்வைக்கு ஆய்வகம் திறந்த சனிக்கிழமை, மயிலாப்பூர் சிநேகிதர் வேதாந்தத்தோடு ஒரு பட்டாளத்தையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

அவர்களைப் பார்த்ததுமே ஷெரில் கம்ப்யூட்டர் பக்கம் ஓடினாள்.

பெரிய திரையில் ஒவ்வொரு புள்ளியும் ரத்தம் கொடுத்த யாரோ ஒருவரின் செல், ஒவ்வொரு நிறமும் ஒரு வகை. மொத்தம் நான்கு லட்சம். அத்தனையும் ஏற்றினால் கம்ப்யூட்டர் படுத்துவிடும். படம் தயாரித்தபோது முதலில் கண்ணை மூடிக்கொண்டு பத்தாயிரத்தை மட்டும் எடுத்துப் பார்த்தாள். கூட்டமான வகைகளே இடத்தை அடைத்துக்கொண்டன, அபூர்வமானவை அடியோடு காணாமல் போயின. அதனால் கூட்டமானவற்றில் தாராளமாகக் கைவைத்து, அபூர்வமானவற்றில் ஒன்றைக்கூடத் தொடாமல் விட்டாள். வகைக்கு வகை பார்த்தவள் ஆளுக்கு ஆள் பார்க்க மறந்துவிட்டாள். மாமாவின் டியூபில் தேறியதே கொஞ்சம், அதுவும் பெரும்பாலும் கூட்டமான வகை. இப்போது அவசரமாகப் பதினேழைத் தட்டிப் பார்த்தால் ஒரே ஒரு புள்ளி மினுங்கியது.

"அந்தப் பெரிய நீலக் கும்பலைக் காட்டிடு. யாருக்குத் தெரியப்போவுது?" என்று காதைக் கடித்தான் கூட வேலை பார்க்கும் ஃபராஸ்.

அவளுக்கும் ஆசைதான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளைப் பற்றிப் பெருமை பேசுவதையே வேலையாக வைத்திருக்கிற மனுஷர். நாலு பேர் எதிரில் அந்த முகம் சுருங்கினால் அவளால் தாங்க முடியாது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லவும் வாய் வரவில்லை.

"என்னுது எதும்மா?" என்றார் ஆம்ப்ரோஸ்.

"இதோ மாமா. இது ஒண்ணுதான்."

"ஒண்ணா? மிச்சம் இன்னாச்சு?"

"இடம் பத்தலைன்னு நான்தான் வெட்டிட்டேன். இது அபூர்வ வகை, அதனால தப்பிச்சுது."

வேதாந்தம் சிரித்துவிட்டார். "இந்த ஒத்தைப் புள்ளியைப் பாக்கவா எங்களை இழுத்துண்டு வந்தே?"

ஆம்ப்ரோஸ் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். ஷெரிலுக்குக் கண் கலங்கிவிட்டது. ஐயோ, இவரை அழவைத்துவிட்டோமோ என்று பதறினாள்.

"யோவ் வேதாந்தம்," என்றார் அவர். மைதானத்தின் அந்தக் கோடிவரைக்கும் கேட்கும் அவருடைய பழைய குரல். "இவ நெனைச்சிருந்தா அந்த நீலம் மொத்தமும் என்னுதுன்னு காட்டியிருக்கலாம். நானும் நம்பிக்கினு போயிருப்பேன். காட்டலை பாத்தியா? இவதான்யா என் மருமக."

சொல்லிக்கொண்டே சட்டைக்கையை முழங்கைக்கு மேலே சுருட்டி, ஃபராஸ் பக்கம் நீட்டினார்.

"இந்த வாட்டி ரெண்டு டியூபா எடுத்துக்கோ நைனா."